கையெழுத்துக்கு ஆள் தேடி

வடமராட்சியில் ஒரு கிராமம். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு பின்னேரம், சனசமூக நிலையத்தின் பின்விறாந்தையில் பாயை விரித்து இருபது இருபத்திரண்டு பெண்கள் கூடுவார்கள். மாதர் சங்கத்தின் சிக்கனக் குழு. நடுவே ஒரு சி.ஆர். கொப்பி. பெயர், அன்றைக்குப் போட்ட காசு, எடுத்த கடன், திருப்பியது என்று கோடு போட்டிருக்கும். கடைசிக் கட்டத்தில் கையெழுத்து. போகும்போதெல்லாம் அந்தக் கொப்பியை வாங்கிப் பார்ப்பேன். முத்து முத்தான எழுத்துகள். ஒருவர்கூடப் பெருவிரல் அடையாளம் வைப்பதில்லை. யாழ்ப்பாணத்துக் கிராமத்தில் பெண்ணுக்கு எழுத வராது என்ற காலம் எப்போதோ முடிந்துவிட்டது. உடுவிலில் மகளிருக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியது 1824 இல். இரு நூறு ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருக்கிறோம்.

புதுக்கோட்டையில் 1991 இல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, கல்லுடைக்கும் பெண்கள் முதலில் கற்றுக்கொண்டது தங்கள் பெயரை எழுதத்தான். பிறகு சைக்கிள் ஓடக் கற்றார்கள். கல் குவாரிக் குத்தகையைத் தங்கள் குழுக்களின் பெயரிலேயே எடுத்தார்கள். அந்தக் கதையை இங்கே சொன்னபோது மலரக்கா என்று நான் இங்கே அழைக்கப்போகிறவர் சொன்னார்: "அவையள் கையெழுத்துப் படிச்ச கையோடை காரியம் நடந்திருக்கு. நான் ஓ.எல். வரைக்கும் படிச்சனான். என்ரை கையெழுத்தை ஒருத்தரும் மதிக்கினமில்லை."

அவர் கோபித்துச் சொல்லவில்லை. கடகம் பொத்திக்கொண்டே சொன்னார். சார்வோலையை வார்ந்து, இழைத்து, இரண்டு பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, விளிம்பில் ஈர்க்கை வளைத்துப் பனை நாரால் இறுக்கிப் பொத்துகிற வேலை. நாரை இழுத்து இழுத்து அவருடைய வலது சுட்டுவிரலின் பக்கவாட்டில் ஒரு தழும்பு விழுந்துவிட்டது. பேனை பிடிக்கும்போது பேனை சரியாக அந்தத் தழும்பில்தான் இருக்கும்.

மலரக்காவுக்குத் தாய் வழி வந்த சீதனக் காணி இரண்டு பரப்பு இருக்கிறது. உறுதி அவர் பெயரில். 1995 இடப்பெயர்வில் குடும்பத்தோடு வன்னிக்குப் போனவர், 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் கணவரைத் தவறவிட்டார். இரண்டு பிள்ளைகளோடு ஊருக்குத் திரும்பி வந்தபோது அவருக்கென்று மிஞ்சியிருந்தது அந்தக் காணிதான். ஒரு பரப்பை விற்று வீட்டுக்கு ஓடு போடலாம், மிச்சத்தில் ஓலை வேலைக்கு ஒரு கொட்டில் போடலாம் என்று நொத்தாரிசிடம் போனார். நொத்தாரிசு நல்ல மனிதர். உறுதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, காணி உங்கடைதான். ஆனால் எழுதித் தரேலாது. அவரின்ரை ஒப்பம் வேணும்" என்றார்.

"அவர் இல்லையே தம்பி."

"அப்ப கோட்டுக்குத்தான் போகவேணும்."

நொத்தாரிசு சொன்னதில் பிழை இல்லை. சட்டம் அப்படித்தான் இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி யாழ்ப்பாணத்தவரின் வழக்கங்களைத் தொகுத்தார். பன்னிரண்டு முதலியார்கள் அதை வாசித்துச் சரியென்று ஒப்புக்கொண்டார்கள். 1707 இல் தேசவழமை எழுத்தில் உறுதிப்பட்டது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தைப் பிரித்து, பெண்ணுக்குத் தாய்வழிச் சொத்தில் உரிமை உண்டு என்று சொன்ன சட்டம் அது. அந்தக் காலத்தில் உலகத்தில் பல பெண்களுக்கு இல்லாத உரிமை. பெருமைப்படலாம், நானும் படுகிறேன். ஆனால் பெயரில் இருக்கும் சொத்தைக் கையாளும் அதிகாரம் அதோடு சேர்ந்து வரவில்லை. வழக்கத்துக்கு உடன்பட்ட பன்னிரண்டு பேரும் ஆண்கள். எந்தத் தாயையும் கூப்பிட்டு, இது சரிதானா என்று கேட்டதாகப் பதிவில்லை.

பிரித்தானியர் 1806 இல் அதைச் சட்டமாக ஏற்றார்கள். 1911 இல் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6 ஆம் பிரிவில் திட்டவட்டமாக எழுதினார்கள்: மணமான பெண் தன் அசையும் பொருளைத் தன் விருப்பப்படி கொடுக்கலாம், விற்கலாம், அசையாச் சொத்தென்றால் கணவனின் எழுத்திலான சம்மதம் வேண்டும். அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. மரண சாதனத்தால் அந்தச் சொத்தை அவள் யாருக்கும் எழுதிவைக்கலாம், அதற்குக் கணவனின் சம்மதம் தேவையில்லை. சட்டத்தரணி ஒருவர் இதை எனக்கு விளக்கியபோது நான் வெகுநேரம் பேசாமல் இருந்தேன். தன் காணியின் மீது ஒரு பெண்ணின் தனிக் கையெழுத்து செல்லுபடியாக அவள் சாகவேண்டியிருக்கிறது.

1923 இல் மணமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம் வந்தது. பொதுச் சட்டத்தின் கீழ் வரும் பெண்கள் கணவனின் அனுமதி இல்லாமல் தங்கள் சொத்தைத் தாங்களே ஆள அது வழிசெய்தது. 1911 சட்டத்துக்கு உட்பட்ட எங்களை அது விலக்கிவைத்தது. அந்த விலக்குக்கு நூறு வயது கடந்துவிட்டது. தமிழரின் தனித்துவத்தைக் காக்கும் சட்டத்தில் கைவைக்கக் கூடாது என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு மலரக்காவின் விரல் தழும்பு நினைவுக்கு வருகிறது. தனித்துவத்தைக் காப்பதென்றால் அவரையும் சேர்த்துத்தான் காக்கவேண்டும்.

கணவன் விட்டுப்போனால், இருப்பிடம் தெரியாவிட்டால், காரணமில்லாமல் சம்மதம் மறுத்தால் மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதத்தைத் தரலாம் என்று 8 ஆம் பிரிவு வழி விட்டிருக்கிறது. 1911 இல் அதை எழுதியவர்கள் ஒரு சிலரைத்தான் நினைத்திருப்பார்கள். ஒரு தலைமுறை ஆண்களே காணாமற்போவார்கள் என்று அவர்கள் எண்ணியிருக்க முடியாது. 2016 இல் மரணப் பதிவு தொடர்பான சட்டம் திருத்தப்பட்டு, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனவர் என்று சான்றிதழ் பெறவும் வழி வந்தது. மரணச் சான்றிதழை வாங்க மனம் வராத பெண்களுக்கு அது ஒரு ஆறுதல். ஆனால் அதை வாங்குவதற்கே ஒரு மனப்போராட்டம் இருக்கிறது. கையெழுத்து வைத்து அந்தத் தாளை வாங்கினால் தேடுவதை விட்டுவிட்டதாகாதா என்று மலரக்கா இரண்டு வருடம் யோசித்தார்.

அந்த இரண்டு வருடத்துக்குள்தான் மோட்டார் சைக்கிளில் கடன் வந்தது.

நுண்நிதிக் கம்பனிகளைப் பற்றி எங்கள் ஊர்ப் பெண்கள் "கிழமைக் காசு" என்றே சொல்வார்கள். கம்பனிப் பொடியன் வீடு தேடி வருவான். காணி உறுதி கேட்கமாட்டான். கணவர் எங்கே என்று கேட்கமாட்டான். மூன்று நாலு பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்றால் போதும், அடுத்த கிழமை காசு கையில். ஊரில் எந்த அலுவலகத்திலும் செல்லுபடியாகாத மலரக்காவின் கையெழுத்து அந்தப் பத்திரத்தில் அன்றைக்கே செல்லுபடியானது. அதனால் அவருக்கு ஏற்பட்ட சந்தோசத்தை யாரும் குறைத்து மதிப்பிடக் கூடாது. கடன் வாங்கிய பெண்களைப் பேராசைக்காரிகள் என்று மேடையில் பேசியவர்கள் அந்தச் சந்தோசம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறையாவது யோசித்திருக்கவேண்டும்.

தவணை தவறியபோது நடந்தவை ஊருக்குத் தெரியும். பொழுதுபட்ட பிறகும் வாசலில் நிற்பது, பிணை நின்ற பெண்களை ஒருவருக்கெதிராக ஒருவரை ஏவிவிடுவது, ஒரு கடனை அடைக்க இன்னொரு கம்பனியில் கடன். 2018 இல் அரசு வடக்கு, கிழக்கு உட்பட வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் நிலுவைக் கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. ஆண்டு வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் வந்தது. 35 வீதம் ஒரு நிவாரணமாகத் தெரிந்ததென்றால் அதற்கு முன் எவ்வளவு இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டு செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, தவணை தவறிய பெண்களிடம் காசு வசூலிப்போர் சிலர் உடம்பைக் கேட்ட கொடுமையை வெளிப்படையாகச் சொன்னார். அவர் சொல்லும் வரைக்கும் ஊரில் அதைச் சொல்ல வாய் இல்லாமல் இருந்தது. சொன்னால் சொன்னவளுக்குத்தான் பழி.

பெண்ணின் பொருளாதாரம் ஒரு துறை, பெண்ணின் உடல்நலம் வேறொரு துறை என்று பிரித்து வைத்திருக்கிறோம். ஒன்றுக்குப் பிரதேச செயலகம், மற்றதற்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. கடன்காரன் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. காசுக்கு ஈடாக உடம்பை எழுதிக்கொள்ளலாம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

அந்தச் சிக்கனக் குழுவில் இன்னொரு பெண், முப்பது வயது. மூன்று பிள்ளைகள். நாலாவது பிரசவத்துக்கு வைத்தியசாலைக்குப் போனபோது, இதோடு போதும், ஒப்பரேசன் செய்துவிடுங்கள் என்று கேட்டாள். அவள் போன வைத்தியசாலையில் கணவரின் ஒப்பம் கேட்டார்கள். அவர் கட்டாரில். எந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்டார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளுக்கும் கேட்கத் தெரியவில்லை. பிள்ளையோடு வீட்டுக்கு வந்தாள். அவர் விடுமுறையில் வந்துபோன பிறகு ஐந்தாவது. இதைக் குழுவில் அவள் சொன்ன அன்று மலரக்கா கடகத்தைக் கீழே வைத்துவிட்டு, "உனக்கும் அவரின்ரை ஒப்பமோ?" என்று மட்டும் கேட்டார். காணி வேறு, கருப்பை வேறு என்று படித்தவர்கள் நினைத்துக்கொண்டிருந்தபோது, இரண்டுக்கும் ஒரே கையெழுத்தைத்தான் தேடி அலைகிறோம் என்று அந்த விறாந்தையில் இருந்த பெண்களுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது.

இலங்கையின் தாய்சேய் நலப்பணியை நான் குறைசொல்ல வரவில்லை. உலகமே எடுத்துக்காட்டுகிற பணி அது. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து வீடு வீடாகப் போன மருத்துவமாதுக்களின் உழைப்பு அது. இன்றைக்கு ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் வைத்தியசாலையிலேயே நடக்கிறது. எங்கள் குடும்பநல உத்தியோகத்தர், ஊரில் எல்லோருக்கும் "மிசி", மழையிலும் ஸ்கூட்டரில் வருவார். வயிற்றில் பிள்ளை தங்கினால் பதிவு அட்டை, திரிபோஷா, இரும்புச்சத்துக் குளிசை, கிளினிக் திகதி எல்லாம் ஒழுங்காக நடக்கும். தாயாகும்வரை அரசு அவளைக் கையில் ஏந்தி நடத்துகிறது. தாயாக விரும்பவில்லை, இப்போது வேண்டாம், இனி வேண்டாம் என்று அவள் சொல்லும் இடத்தில் அந்தக் கை தளர்ந்துவிடுகிறது. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவை 303 ஆம் பிரிவின்படி தாயின் உயிரைக் காப்பாற்ற அல்லாமல் கருவைக் கலைத்தால் மூன்று ஆண்டு வரை சிறை, சிசு அசையத் தொடங்கியபின் என்றால் ஏழு ஆண்டு வரை. வல்லுறவால் உண்டான கருவுக்கும் அதே சட்டம். 1995 இல் அதைத் தளர்த்தப் பாராளுமன்றத்தில் எடுத்த முயற்சி கைவிடப்பட்டது. 2017 இல் மறுபடி பேசி மறுபடி நிறுத்தினார்கள். அந்த 1995 இல்தான் மனைவியை வல்லுறவு செய்வது பற்றிய கேள்வியும் வந்தது. நீதிமன்றம் பிரித்துவைத்த தம்பதிகளிடையே மட்டுமே அது குற்றம் என்று எழுதி முடித்தார்கள். சேர்ந்து வாழ்கிற மனைவியின் மறுப்புக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை.

வேண்டாம் என்பவளுக்கு மறுப்பது ஒரு கொடுமை. கேட்காதவளுக்குத் திணிப்பதும் கொடுமைதான். 2013 ஆகஸ்டில் கிளிநொச்சிக் கரையோரத்தில் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமத்துப் பெண்கள், தங்களுக்கு ஒழுங்காக விளக்காமல், அழுத்தம் கொடுத்துக் கையில் கருத்தடைக் குச்சி வைத்ததாகச் சொன்னார்கள். அதிகாரிகள் மறுத்தார்கள். உடனே அது இனத்தின் எண்ணிக்கை பற்றிய விவாதமாக மாறிவிட்டது. தமிழினத்தைக் குறைக்கப் பார்க்கிறார்கள் என்று ஒரு பக்கம் பேச, மறுபக்கம் அதை மறுத்துப் பேச, அந்தப் பெண்களில் ஒருத்தியிடம் உனக்கு எத்தனை பிள்ளை வேண்டும், எப்போது வேண்டும் என்று கேட்ட குரலை நான் தேடித்தேடிப் பார்த்தேன். இனத்துக்குப் பிள்ளை பெறச் சொல்கிறவரும் அவளுடைய வயிற்றுக்குக் கையெழுத்து வைக்கிறவர்தான்.

பெண்ணின் பொருளாதாரத்தையும் உடல்நலத்தையும் சேர்த்துப் பார்த்தவர்கள் முன்பு இருந்தார்கள். கனடாவிலிருந்து 1896 இல் யாழ்ப்பாணத்துக்கு மருத்துவராக வந்தவர் மேரி ரத்தினம். தமிழர் ஒருவரை மணந்ததை மிசன் ஏற்கவில்லை என்பதால் கொழும்புக்குப் போனார். 1930களின் தொடக்கத்தில் அவர் ஆரம்பித்த லங்கா மகிள சமித்தி கிராமத்துப் பெண்களைச் சங்கமாகக் கூட்டியது. தையல், கோழி, தோட்டம், சுகாதாரம் எல்லாம் ஒரே பாயில் இருந்து பேசினார்கள். அதே மேரி ரத்தினம்தான் 1937 இல் கொழும்பில் கருத்தடை ஆலோசனை நிலையம் திறந்தார். 1953 இல் குடும்பத் திட்டச் சங்கம் தொடங்கியபோதும் முன்னின்றார். கையில் நாலு காசு இல்லாதவளுக்கு எவ்வளவு சுகாதாரம் சொல்லிக்கொடுத்தாலும் வீட்டில் அதைச் செய்ய முடியாது என்பதை ஊர் ஊராகப் போய்க் கண்ட மனுசி அவர்.

எங்கள் மண்ணில் 1984 இல் அன்னையர் முன்னணி எழுந்தது. பிடித்துக்கொண்டுபோன பிள்ளைகளைக் கேட்டு, அடுப்படியை விட்டு வெளியே வந்திராத பெண்களெல்லாம் கச்சேரிக்கு நடந்தார்கள். 1986 இல் பெண்கள் ஆய்வு வட்டம் ‘சொல்லாத சேதிகள்’ கவிதைத் தொகுப்பை வெளியிட்டது. போரில் நொந்த பெண்களுக்காகப் பூரணி நிலையம் வந்தது. அதற்குத் துணைநின்றவர்களில் ஒருவரான மருத்துவர் ராஜினி திராணகம, இந்திய இராணுவக் காலத்தில் வல்லுறவுக்குள்ளான பெண்களின் வாக்குமூலங்களை எழுதிவைத்தார். 1989 செப்டெம்பர் 21 இல், பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகு பெண்கள் தாங்களாகக் கூடித் தாங்களாகப் பேசுவதற்கு இடம் இல்லாமற் போனது. யாருக்குக் கீழே கூடுகிறாய் என்ற கேள்விதான் முதலில் வந்தது. அந்தக் கேள்வி ஒரு தலைமுறையின் நாவைக் கட்டிவிட்டது. இன்றைக்குச் சிக்கனக் குழுவில் கணக்கை மட்டும் பேசிவிட்டு எழும்பிப் போகிறார்களே என்று குறைப்படுகிறவர்கள் இதையும் நினைக்கவேண்டும்.

கூட்டுறவு எங்களுக்குப் புதிதல்ல. இலங்கையில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான கட்டளைச் சட்டம் வந்ததும் 1911 இல்தான், பெண்ணின் காணிக்குக் கணவனின் ஒப்பம் கேட்ட சட்டம் வந்த அதே ஆண்டு. 1930களில் மூளாய் மக்கள் கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையையே கட்டினார்கள். ஊரவர் காசு போட்டு ஊரவர் உடம்பைப் பார்த்துக்கொண்டார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அகிலன் கதிர்காமர் போன்றவர்கள் நுண்கடனுக்கு மாற்று கூட்டுறவுதான் என்று தொடர்ந்து எழுதிவருகிறார்கள். அது சரி என்றே நினைக்கிறேன். கம்பனிக்குப் பெண்ணின் கடன் வேண்டும், கூட்டுறவுக்குப் பெண்ணின் சேமிப்பு வேண்டும். போட்ட காசு தன்னுடையது என்றால் கேள்வி கேட்கிற வாயும் தானாக வருகிறது.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். மலரக்காவுக்காவது இரண்டு பரப்புக்கு உறுதி இருக்கிறது. அதே ஊரில் பனையடிக் குடியிருப்பில் இருந்து பிறத்தியாரின் வெங்காயத் தோட்டத்துக்குப் புல்லுப் பிடுங்கப் போகும் பெண்ணுக்குச் சீதனக் காணியும் இல்லை, முதுசமும் இல்லை. ஆணுக்கு ஒரு கூலி, அவளுக்கு அதைவிடக் குறைந்த கூலி. தேசவழமையைத் திருத்தினாலும் அவள் கையில் எழுதிக்கொடுக்க ஒன்றும் இருக்காது. அந்தச் சங்கத்தில் அவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து மூன்று வருடம்தான் ஆகிறது. முதல் நாள் பாயின் ஓரத்தில், பாதி சீமெந்தில் இருந்தார்கள். தேத்தண்ணி வந்தபோது ஊர்ப் பெண்கள் சிலர் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த மாதம் அவர்களில் இரண்டு பேர் வரவேயில்லை. சாதியைத் தாண்டாத பெண்கள் அமைப்பு எந்தச் சட்டத்தையும் தாண்டப்போவதில்லை. தேத்தண்ணிக் கோப்பை தொடங்கி அது இன்னும் முழுதாகத் தீரவில்லை. எனக்குத் தெரிந்து அந்த விறாந்தையில் நடக்கிற மிகக் கடினமான வேலை இதுதான்.

தீர்வு வந்த விதம் ஒன்றைப் பார்த்தேன். 1996 முதல் நாட்டில் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. முப்பத்தைந்து வயதுப் பெண்களுக்குக் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பாப் பரிசோதனை இலவசம். மிசி பல தடவை வந்து கூப்பிட்டும் ஆட்கள் போகவில்லை. வெட்கம் என்று மிசி நினைத்தார். தோட்ட வேலைக்குப் போகும் ஒரு பெண் எழும்பிச் சொன்னாள்: "வெக்கமில்லை மிசி. அண்டைக்குப் போனால் அண்டைக் கூலி போச்சு. வீட்டிலை அடுப்பு எரியாது." எல்லாரும் சும்மா இருந்தார்கள். பிறகு கணக்குப் பார்க்கும் பிள்ளை, குழுவுக்கு வந்த வட்டிக் காசில் இருந்து பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாள் கூலியும் பஸ் காசும் கொடுத்தால் என்ன என்று கேட்டாள். ஏற்றுக்கொண்டார்கள். அந்தக் கிழமை பாயின் நடுவில் இருந்தவர்களும் ஓரத்தில் இருந்தவர்களும் ஒரே பஸ்ஸில் போனார்கள். கிளினிக் வாங்கிலில் அடுத்தடுத்து இருந்தபோது, ஒரே கூச்சத்தோடு, ஒரே பயத்தோடு இருந்தோம் என்று மலரக்கா சொன்னார். திரும்பி வரும் வழியில் நெல்லியடியில் இறங்கி எல்லோரும் தேத்தண்ணி குடித்தார்களாம். அதை அவர் ஏன் தனியாக எடுத்துச் சொன்னார் என்று எனக்கு விளங்கியது.

மலரக்கா இப்போது கோட்டில் மனுப் போட்டிருக்கிறார். காணாமற்போனவருக்கான சான்றிதழையும் வாங்கிவிட்டார். வாங்கிய அன்று இரவு முழுவதும் அழுததாக மகள் சொன்னாள். சட்டத்தரணிக்கான காசைக் குழு கடனாகக் கொடுத்தது. கணவரின் ஒப்பத்துக்குப் பதிலாக நீதிபதியின் ஒப்பம், அவ்வளவுதான் இப்போதைக்குக் கிடைக்கக்கூடியது. ஐந்து பிள்ளைக்காரி கிளினிக்கில் மூன்று மாதத்துக்கொரு ஊசி போட்டுக்கொள்கிறாள். அதற்கு யாரும் ஒப்பம் கேட்கவில்லை. கட்டாரில் இருப்பவருக்குச் சொல்லவில்லை. சொல்வதா விடுவதா என்று குழுவில் கேட்டாள். ஆளுக்கொன்று சொன்னார்கள், முடிவாகவில்லை.

போன ஞாயிறு நான் போயிருந்தேன். வழக்குத் தவணை செவ்வாய்க்கிழமை. மலரக்காவோடு நாலு பேர் கூடப்போவது என்று பேசினார்கள். அதில் இரண்டு பேருக்கு அன்றைக்கு வெங்காயத் தோட்டத்தில் வேலை. அவர்களுக்குப் பதிலாகப் புல்லுப் பிடுங்க யார் போவது என்பதில் கொஞ்ச நேரம் போனது. மலரக்காவின் தங்கை நான் போகிறேன் என்றார். அவர் முன்பு ஒருநாளும் கூலித் தோட்டத்துக்குப் போனவர் அல்ல. கணக்குப் பார்க்கும் பிள்ளை ஐந்து பேருக்கான பஸ் காசைக் கொப்பியில் எழுதித் திருப்பி வைத்தாள். மலரக்கா கடகத்தை மடியிலிருந்து இறக்கி, கையைச் சேலையில் துடைத்துவிட்டு, பெயருக்கு நேரே கையெழுத்து வைத்தார்.